சொர்ணத்தாய்க்கு வந்த மஞ்சள் நோட்டீஸ்

மஞ்சள் நோட்டீஸ் என்று பெயர்தானே தவிர, இப்போது வருவதெல்லாம் வெள்ளைக் கவர்தான். கோவில்பட்டியில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன், மஞ்சள் நிறத்தில் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. ஆனாலும் சுற்றுப்பட்டியில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. கடன் வாங்கியவன், 'நான் நொடித்துப்போனேன், என்னிடம் ஒன்றுமில்லை, என்னைத் திவாலானவன் என்று அறிவித்துவிடுங்கள்' என்று கோர்ட்டில் மனுப் போடுவான். கொடுத்தவர்களுக்கெல்லாம் வீடு தேடி ஒரு கவர் வரும். கவர் வாங்கியவர்கள் எங்கள் ஆபீஸ் படியேறுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் அவனை வெட்டுவேன் குத்துவேன் என்று வருவார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இரண்டு கோஷ்டியும் அடங்கிவிடும்.

சொர்ணத்தாய் அழவுமில்லை, யாரையும் ஏசவுமில்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து, ஃபாக்டரியை இங்கே அப்படித்தான் சொல்வோம், நேராக வந்திருந்தாள். பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கவரை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இதுல மனுதாரர்னு போட்டிருக்கது யாரு?"

"கடன் வாங்கினவரு. செல்லத்துரைன்னு இருக்கு. யாரு, உங்க ஊர்க்காரனா?"

"எங்கூடப் பொறந்த தம்பி."

நான் பக்கத்தைப் புரட்டினேன். முப்பத்திரண்டு எதிர்மனுதாரர்கள். பதினேழாவதாகச் சொர்ணத்தாய், க/பெ கொம்பையா (லேட்), பசுவந்தனை. உடன்பிறந்த அக்காவை நடுவில் சொருகி வைத்திருக்கிறான், கூட்டத்தோடு கூட்டமாக. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ பேரை ஏமாற்றியதைப் பார்த்தாயிற்று. ஆனால் தன்னை வளர்த்தவளுக்கே வரிசை எண் போட்டு நோட்டீஸ் அனுப்புகிற பயலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வளர்த்தவள் என்பதைச் சும்மா சொல்லவில்லை. தாய் செத்தபோது அவனுக்கு வயது ஆறு, இவளுக்குப் பதினாறு. தீப்பெட்டி ஒட்டிச் சம்பாதித்து அவனைப் படிக்க வைத்தாள். அவனுக்கு ஒரு வழி ஆகட்டும் என்று தன் கல்யாணத்தை ஆறு வருஷம் தள்ளிப்போட்டாள். அவன் கோவில்பட்டியில் கட்டில், பீரோ, மிக்ஸியெல்லாம் தவணைக்குக் கொடுக்கிற கடை போட்டபோது ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் இவள்தான். இவள் மகள் இசக்கிச்செல்வி சடங்கான அன்றைக்குத் தாய்மாமன் சீர் என்று இருபத்தொரு தட்டு வரிசையோடு மேளம் கொட்ட வந்து இறங்கினான். ஊரே வாயைப் பிளந்தது. அந்தத் தட்டெல்லாம் யார் துட்டில் வாங்கியது என்று இப்போது கேட்டால் அந்தத் தெருவில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

துட்டு வந்த வழி இதுதான். கடை போட்ட மறு வருஷம் செல்லத்துரை சீட்டு ஆரம்பித்தான். வாரம் ஐந்நூறு ரூபாய், நூறு வாரம் கட்டினால் ஐம்பதாயிரத்தோடு ஐயாயிரம் போனஸ். பதிவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சேர்ந்தது முழுக்கச் சொர்ணத்தாய் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், ஊருக்குத் திரும்புகிற ஆபீஸ் வேன் கிளம்புவதற்குள் இவள் வசூல் பண்ணிவிடுவாள். ஆளுக்கொரு அட்டை. கட்டின வாரத்துக்கு நேரே 'சொ' என்று ஒரு எழுத்துப் போட்டுக் கொடுப்பாள். "அக்கா கையெழுத்துன்னா ஆளுக நம்புவாவ" என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தது. துட்டை அப்படியே கொண்டுபோய்க் கடையில் அவன் கையில் கொடுத்துவிடுவாள். இவளுக்குக் கமிஷன் என்று பத்துப் பைசா கிடையாது. இவளும் இரண்டு சீட்டுப் போட்டிருந்தாள், ஒத்திக்குப் போன இரண்டு ஏக்கர் கரிசலை மீட்பதற்கு.

நூறு வாரம் முடிந்தது. துட்டு வரவில்லை. மழை பிந்திவிட்டது, மக்காச்சோளம் போயிற்று, தவணை கட்டுகிறவர்கள் கட்டவில்லை என்று மூன்று மாதம் ஓட்டினான். பெண்கள் வேனில் இவளைப் பிய்த்தெடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தான். எல்லோருக்கும் ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, புரோநோட்டு எழுதித் தருகிறேன், வட்டியும் போடுகிறேன், அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான்.

இந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் புரோநோட்டு என்றால் சாமி மாதிரி. அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்பின் மேல் கையெழுத்து விழுந்துவிட்டால் போதும், கோர்ட்டு, போலீஸ், கலெக்டர் எல்லாம் நம் பக்கம் வந்துவிட்டதாக நினைப்பு. மடியில் முடிந்துகொண்டு நிம்மதியாகப் போவோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் வாசிக்க மாட்டோம். செல்லத்துரைக்கும் அது தெரியும், அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

சீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டுப் புரோநோட்டை வாங்கப் பெண்கள் போட்டி போட்டார்கள். சைத்தூன் பீவி மட்டும் தயங்கினாள். லேபிள் ஒட்டுகிற பிரிவில் வேலை, இவளுக்கு இருபது வருஷச் சிநேகிதி.

"அக்கா, நோட்டும் இருக்கட்டும், அட்டையும் இருக்கட்டுமே. ரெண்டையும் வச்சுக்கிடுதேனே."

"ஏட்டி, எந் தம்பிய நம்பலியா நீ?" என்று கேட்டு, அவள் கையிலிருந்த அட்டையைச் சொர்ணத்தாயே பிடுங்கிக்கொண்டாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் வக்கீல் சாமித்துரை, அவளும் எல்லோரையும் போல வாங்கியிருந்த புரோநோட்டை ஒரு தடவை சத்தமாக வாசித்தார். 'என் குடும்பச் செலவுக்காகவும் வியாபார அபிவிருத்திக்காகவும் தங்களிடம் கைமாற்றாக ரொக்கம் பெற்றுக்கொண்ட தொகை.' வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் எறிந்தார்.

"முடிச்சான் போங்க. நல்லா வெவரமான பய."

"ஐயா, இந்த மஞ்ச நோட்டீசு வந்தா எங்க துட்டு அழிஞ்சிருமா?"

"அதுக்குத்தாம்மா இம்புட்டு வேலையும் பாத்திருக்கான். கேளு. ஒருத்தன் கைமாத்து வாங்குதான், நட்டமாகிப் போச்சு, கட்ட முடியலன்னா, கோர்ட்டு அவனைத் திவாலுன்னு சொல்லி, இருக்கதைப் பிரிச்சுக் குடுத்து, மிச்சக் கடன்லருந்து விடுதலை குடுத்துரும். அது நேர்மையா நொடிச்சவனுக்குச் சட்டம் காட்டுத எரக்கம். ஏமாத்தி வாங்கின துட்டு, நம்பிக் குடுத்ததைக் கையாடின துட்டு, இதுக்கெல்லாம் அந்த விடுதலை கெடையாது. திவாலாயிட்டேன்னு சொன்னாலும் அது அவன் தலைமேலதான் நிக்கும்."

"அப்ப எங்க துட்டு அழியாது."

"சீட்டுத் துட்டா இருந்தா அழியாது. ஆனா உங்க கையில இருக்க தாள்ல சீட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? கைமாத்துன்னு இருக்கு. ஏமாத்துனதுக்குச் சாட்சி அந்த அட்டைதான். அதை நீங்களே அவன் கையில குடுத்துட்டீங்க."

"நானில்லா வாங்கிக் குடுத்தேன். எல்லாத்தையும் எரிச்சுட்டேன்னு சொன்னான்" என்றாள் சொர்ணத்தாய்.

கோட்டிக்காரி, புத்திகெட்டவளே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சாட்சிக் கூண்டில் ஏறி உள்ளதைச் சொன்னால் ஏதாவது வழி பிறக்கலாம் என்று வக்கீல் சொன்னார். முப்பத்தொரு பேருடைய இரண்டு வருஷச் சனிக்கிழமைச் சம்பளம் அழியுமா நிற்குமா என்பது அப்படி இவள் வாயில் வந்து தொங்கியது.

அது அவனுக்கும் தெரிந்திருந்தது. விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவன் பெண்டாட்டி செல்வமாரி ஒரு கட்டைப்பையோடு பசுவந்தனைக்கு வந்தாள். பையில் ஒன்றேகால் லட்சம். சொர்ணத்தாயின் இரண்டு சீட்டுத் துட்டு, போனஸ், அதற்கு மேலும் கொஞ்சம்.

"மதினி, ஒங்களுக்குத் தராம நாங்க நல்லா இருப்பமா? ஒங்க துட்டு இந்தா இருக்கு. கோர்ட்டுல கைமாத்துன்னு மட்டும் சொல்லிருங்க. அவிய ஒங்க மேல உசுரையே வச்சிருக்காவ."

உயிரை வைத்திருக்கிறவன் தானே வந்திருக்க வேண்டியதுதானே! சரி, விடுங்கள். பையை விட்டெறிந்தாள், காறித் துப்பினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அப்படிச் செய்யவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்று நாள் அரிசிப் பானைக்குள் இருந்தது. நாலாம் நாள் பையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்து நின்றாள்.

"கைய நீட்டி வாங்கிட்டேன் அண்ணாச்சி. ஒத்தி நெலத்தைத் திருப்பிரலாமேன்னு தோணிச்சு. ஆனா வேன்ல உக்கார முடியல. சைத்தூன் எனக்குச் சோத்துல பங்கு வைக்கா. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கடையில குடுத்துட்டு வாரேன். நீங்களும் கூட வாங்க. எனக்கு அவன் மூஞ்சியப் பாத்தா எளகிரும்."

கூடப் போனேன். கல்லாவில் செல்லத்துரை இருந்தான். பையை மேஜைமேல் வைத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. "ஒங்க இஷ்டம்க்கா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டான். ஒரு சொம்புத் தண்ணீர் குடி என்றுகூடச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் இவள் அழுதாள். துட்டுக்காக இல்லை. "சாப்பிட்டியான்னு கேக்கல பாத்தீங்களா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

விசாரணை நாளன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கோர்ட்டுக்குள் இடமில்லை. முதலில் செல்லத்துரை கூண்டில் ஏறினான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வியாபாரத்துக்காகக் கைமாற்று வாங்கினேன், நஷ்டமாகிவிட்டது, வீடுகூட இல்லை என்றான். வீட்டை மனுப் போடுவதற்கு மூன்று மாதம் முன்னால் மாமியார் பேருக்கு எழுதியாயிற்று. அது வேறு கதை.

எங்கள் வக்கீல் எழுந்தார். "நீங்க சீட்டு நடத்தினீங்களா, இல்லையா?"

"எனக்குச் சீட்டே கிடையாது சார்."

"தீப்பெட்டி ஆபீஸ்ல வாரா வாரம் வசூல் பண்ணினது என்ன?"

செல்லத்துரை எங்கள் பக்கம் பார்க்காமல் சொன்னான். "அது எங்க அக்கா நடத்துன சீட்டு. அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை."

அவன் வக்கீல் ஒரு கட்டு அட்டையை எடுத்துக் கோர்ட்டில் கொடுத்தார். முப்பத்தொரு அட்டை. எரித்துவிட்டேன் என்று அவன் சொன்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் நூறு 'சொ'. ஒன்றில்கூட அவன் கைபட்ட எழுத்துக் கிடையாது. பின்னால் நின்ற பெண்கள் பக்கமிருந்து "அடப் பாவி" என்று ஒரு சத்தம் வந்தது. அவனைச் சொன்னார்களா, இவளைச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொர்ணத்தாய் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"முத வாரத்துலருந்தே இதுக்குத்தானா என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான்?" என்று கேட்டாள்.

மத்தியான இடைவேளையில் எங்கள் வக்கீல் வேப்பமரத்தடியில் நின்று கைகொட்டிச் சிரித்தார். "மடப்பய, தானா வந்து மாட்டிக்கிட்டான். அவன் நடத்தாத சீட்டோட அட்டை அவன் கைக்கு எப்படிப் போச்சு? நீ ஏறிச் சொல்லும்மா. வசூல் பண்ணினேன், துட்டை அவன்கிட்ட குடுத்தேன், அட்டையையும் நானே வாங்கிக் குடுத்தேன், அதுக்குப் பதிலாத்தான் இந்த நோட்டு வந்துச்சுன்னு. சீட்டுன்னு நின்னுரும். ஏமாத்துன துட்டுன்னு நின்னுரும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. அப்படிச் சொன்னா நீ வசூல் பண்ணினதை நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. பின்னால போலீஸ் கேஸுன்னு போச்சுன்னா உன்னையும் சேத்துத்தான் இழுப்பாங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொன்னா நீ தப்பிச்சுக்கிடலாம். கடன் அழியும், அம்புட்டுத்தான். யோசிச்சுக்கோ" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாதுன்னு சொல்லிட்டு எறங்கி வந்துருங்கம்மா. ஊர்த் துட்டுக்காக நீங்க ஏன் செயிலுக்குப் போகணும்?" என்றேன். இருபத்தெட்டு வருஷக் கோர்ட்டு எனக்குக் கற்றுக்கொடுத்த புத்தி அது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பின் எனக்கு டீ இறங்கவில்லை.

கூண்டில் ஏறியதும் அவள் முதலில் தண்ணீர் கேட்டாள். நீதிபதி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள், யாரும் நிறுத்த முடியவில்லை.

"ஐயா, அட்டையில இருக்கது என் எழுத்துதான். ஒரு வாரங்கூட விடாம நாந்தான் வசூல் பண்ணினேன். இவிய எல்லாரும் என் மூஞ்சிய நம்பித்தான் குடுத்தாவ, இவன் மூஞ்சியப் பாத்து இல்ல. அம்புட்டுத் துட்டையும் இவன் கையில குடுத்தேன். ஸ்டாம்பு நோட்டு தாரேன், அட்டைய வாங்கிட்டு வான்னு இவன் சொன்னான். தரமாட்டேன்னு சொன்னவ கிட்டயும் புடுங்கிக் குடுத்தேன். இது கைமாத்து இல்லய்யா. கைமாத்துக் குடுக்க எங்க யாருகிட்டயும் துட்டு கெடையாது."

பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். "ஏலே, நான் என்னல பாவம் செஞ்சேன் ஒனக்கு?"

நீதிபதி, சாட்சி மனுதாரரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்றார். செல்லத்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. மனுதாரர் சொத்தை மறைத்திருக்கிறார், உண்மையை மறைத்திருக்கிறார், ஏமாற்றிப் பெற்ற தொகையைக் கைமாற்றுக் கடன் என்று பெயர் மாற்றி, அந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்கத் திவால் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று நீதிபதி எழுதியிருந்தார். நான் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். துட்டு எப்போது வரும் என்று ஒருத்தி கேட்டாள். அழியாது என்றுதான் கோர்ட்டு சொல்லியிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்லவில்லை என்றேன். கைதட்டல் நின்றுவிட்டது.

அதற்குள் கடையில் பூட்டுத் தொங்கியது. பெண்கள் தூத்துக்குடிக்குப் போய்ப் போலீஸில் புகார் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து சைத்தூன் பீவி. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார்கள்; வசூல் பண்ணியது யார், அட்டையில் கையெழுத்து யாருடையது என்பதையும் சேர்த்து. போலீஸ் அவனைத் திருப்பூரில் வைத்துப் பிடித்தது. வழக்குக் கோர்ட்டுக்கு வந்தது.

போன மாதம் சொர்ணத்தாய் மறுபடி எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். கையில் சம்மன். அந்த வேனில் இப்போது அவள் போவதில்லை. பஸ்ஸில் போய் வருகிறாள்.

"அண்ணாச்சி, இதுல எம்பேருக்கு நேரா ரெண்டுன்னு போட்டிருக்கு. என்னது அது?"

"ரெண்டாவது எதிரின்னு அர்த்தம்மா, குத்தஞ்சாட்டுன ஆளுகள்ல ரெண்டாவது நீங்க. கோர்ட்டுல உங்க வாயால சொன்னதையே எடுத்துப் போட்டிருக்காங்க. பயப்படாதீங்க, நீங்க ஒரு பைசா எடுக்கலன்னு காட்டி உங்க பேரை எடுத்திரலாம்னு வக்கீல் சொல்லுதாரு. கொஞ்ச நாள் ஆகும்."

"சைத்தூன் கையெழுத்துப் போட்டது சரிதான். நான் குத்தம் சொல்ல மாட்டேன்." தன் பேருக்கு மேலே இருந்த பேரின் மேல் விரலை வைத்தாள். "மொத எதிரி அவனா?"

"ஆமா."

"அவனையும் அன்னைக்குக் கூட்டிட்டு வருவாவளா?"

"கூட்டிட்டு வருவாங்க. பேரைக் கூப்பிட்டதும் ரெண்டு பேரும் கூண்டுல ஏறி நிக்கணும்."

"ஒரே கூண்டா?"

"ஒரே கூண்டுதான்."

சொர்ணத்தாய் சம்மனை மடித்தாள். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எனக்குத் தண்டனை குடுத்தா வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. நான் செஞ்சதுக்குக் குடுக்கட்டும். ஆனா அவன் பக்கத்துல என்னைக் கொண்டு நிப்பாட்டாதீங்க. அதுக்கு மட்டும் ஜட்ஜய்யாவுக்கு ஒரு மனு எழுதுங்க."

நான் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவின்கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, நான் எழுதி முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.